மாவுக் கையும் டச் சுவிட்சும்: புதுப்பொருள் வேலையில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

"அடுத்த தீபாவளிக்குப் புதுசா ஒண்ணு இறக்கணுங்க, நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிப் போய்விடுவார். புதுப்பொருள் உருவாக்கும் பொறுப்பு பெரும்பாலான சிறு நிறுவனங்களில் இப்படித்தான் ஒருவர் தலையில் வந்து விழுகிறது. டிசைன் தெரிந்தவருக்கு விலைக் கணக்கு தெரியாது. விற்பனை தெரிந்தவருக்கு மோல்டு (பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சு) என்ன விலை என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

கோவையில் வீட்டு உபயோகப் பொருள் செய்யும் சிறு நிறுவனங்களில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். கடைக்குப் போய் ஓடியவை சில. கிடங்கில் தூசி படிந்தவை அதைவிட அதிகம். இரண்டிலும் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு எனக்குத் தெரிந்த கிரைண்டரையும் ஃபேனையும் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பம்பு செய்தாலும் பால் பாக்கெட் இயந்திரம் செய்தாலும் வரிசை பெரிதாக மாறாது.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

கம்ப்யூட்டரில் டிராயிங் போட உட்காராதீர்கள். ஒரு நோட்டில் உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள். எந்தப் புதுப்பொருளுக்கும் நான்கு கேள்விகள் உண்டு. இதைச் செய்ய முடியுமா? செய்தால் காசு கொடுத்து வாங்குவார்களா? வாங்கினால் நமக்கு ஏதாவது மிஞ்சுமா? பழுதானால் யார் பார்ப்பார்கள்? இந்த நான்கில் எதற்கு உங்களிடம் பதிலே இல்லையோ அதிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். பதில் தெரிந்துகொள்ள ஆகும் செலவும் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும்.

நடப்பது இதற்கு நேர் எதிர். நம்மைப் போன்ற பட்டறை ஆட்களுக்கு முதல் கேள்விதான் பிடிக்கும், ஏனென்றால் அதற்குப் பதில் கண்டுபிடிக்கத் தெரியும். ஆறு மாதம் மோட்டாரோடு மல்லுக்கட்டி ஓட வைத்துவிட்டு, அப்புறம்தான் வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்புவோம். அதற்குள் செலவான பணம், "இவ்வளவு செஞ்சாச்சு, இனி நிறுத்த முடியாது" என்று நம்மைத் தள்ளிக்கொண்டே போகும்.

அதனால் அதே நோட்டில் அடுத்த பக்கத்தில், எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்பதை ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். தேதியும் தொகையும் இருக்க வேண்டும். "ஆகஸ்ட் 31க்குள் 20 வீடுகளில் கொடுத்துப் பார்ப்போம். மூன்றாவது வாரத்திலும் 12 வீட்டிலாவது ஓடவில்லை என்றால் நிறுத்துவோம். அதுவரை 3 லட்சத்துக்கு மேல் செலவில்லை." இப்படி எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். முதலில் சிரிப்பார். வாங்கியே ஆக வேண்டும்.

பெரிய நிறுவனங்களில் இதற்கு முறையான ஏற்பாடு இருக்கிறது. கனடாவின் ராபர்ட் கூப்பர் 1980களில் வகுத்துப் பரப்பிய ஸ்டேஜ்-கேட் முறை அது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஒரு வாசல். போதிய சான்று இல்லாமல் அந்த வாசலைத் தாண்டிப் பணம் போகாது. நூறு பேர் வேலை செய்யும் இடத்துக்கு அவ்வளவு கோப்புகள் தேவையில்லை, நோட்டும் கையெழுத்தும் போதும். ஆனால் வாசல் வேண்டும்.

புதுத் தொழில்நுட்பம் யாருக்கு லாபம்?

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகப் போவோம். பலரும் சறுக்குவது இங்கேதான்.

சீலிங் ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக நம் வீடுகளில் சுற்றுவது இண்டக்‌ஷன் மோட்டார் ஃபேன். 70 முதல் 80 வாட் வரை இழுக்கும். புதிதாக வந்தது பி.எல்.டி.சி., அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார். அதில் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தம் இருக்கும். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதை ஒரு எலெக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்ளும். காற்று கிட்டத்தட்ட அதே அளவு வரும், மின்சாரம் 28 முதல் 35 வாட் போதும். கோவையின் வெர்சா டிரைவ்ஸ் 2012இல் 'சூப்பர்ஃபேன்' என்ற பெயரில் 35 வாட் ஃபேனை இறக்கியது. அதன் பிறகு மும்பையின் ஆட்டம்பெர்க் இதே தொழில்நுட்பத்தை வைத்துப் பெரிதாக வளர்ந்தது. 2023 ஜனவரியில் சீலிங் ஃபேனுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயமானது. அதோடு, ஒதுங்கி நின்ற பெரிய கம்பெனிகளுக்கும் இந்தப் பக்கம் பார்க்காமல் வேறு வழியில்லாமல் போனது. முதல் ஆள் கடைக்கு வந்ததிலிருந்து எல்லோரும் வர ஏறத்தாழ பத்து வருஷம். நீங்கள் கையில் எடுக்கும் தொழில்நுட்பம் இந்தப் பத்து வருஷத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முதல் வருஷத்தில் இறங்குபவர் சந்தைக்குப் பாடம் எடுக்கும் செலவையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஒன்பதாவது வருஷத்தில் இறங்குபவருக்கு விலைப் போட்டி மட்டும்தான் மிச்சம்.

இப்போது வாங்குபவர் பக்கம். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் ஃபேன் என்றால் 45 வாட் மிச்சம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் ஓடினால் 162 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 972 ரூபாய். பழைய வகை ஃபேனைவிட விலை 1,500 ரூபாய் கூடுதல் என்றால் ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். விற்பனைக் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் காட்டினால் எல்லோரும் கை தட்டுவார்கள்.

சரி, தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது கணக்கில் எங்கே இருக்கிறது? அந்த நூறுக்குள்ளேயே ஓட்டும் சின்னக் குடும்பத்துக்கு இந்த ஃபேனால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. மாதத்துக்கு எவ்வளவு குறையும் என்று அவர்களிடம் போய்ப் பேசினால், "எங்களுக்குக் கரண்ட் பில்லே வர்றதில்லைங்களே" என்பார்கள். எனக்கு நடந்தது இது. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அதே ஃபேனை இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில் பாருங்கள். மூன்று பழைய ஃபேன் சேர்ந்து 225 வாட், மூன்று புது ஃபேன் 90 வாட். கரண்ட் போனால் அதே பேட்டரி ஏறத்தாழ இரண்டரை மடங்கு நேரம் நிற்கும். 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தைக் கோவையில் கழித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூன்றாவதாக, நூறு அறைகள் கொண்ட ஒரு மில் ஹாஸ்டல். அங்கே மின்கட்டணமும் வேறு, ஃபேன் ஓடும் நேரமும் வேறு. மேனேஜர் கணக்கைப் பார்த்துத்தான் வாங்குவார். பொருள் ஒன்றே என்றாலும் வாங்கும் காரணம் மூன்று. எந்த ஆளுக்கு விற்கப்போகிறோம் என்று நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "எல்லோருக்கும்" என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

அரசாங்கமே வாடிக்கையாளராக வரும்போதும் இதே எச்சரிக்கை தேவை. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தைத் தொடங்கியது. டெண்டர் வியாபாரத்தில் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதை வாங்குபவர் எழுதிக் கொடுத்துவிடுவார். நம் வேலை விலையைக் குறைப்பது மட்டுமே. பணம் வரும், ஆட்களுக்கு வேலை இருக்கும், தப்பே இல்லை. ஆனால் அதை மட்டும் செய்துகொண்டிருந்தால், வீட்டில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கும் பழக்கம் கம்பெனிக்குள் மெல்ல விட்டுப்போகும்.

இருபது வீட்டுக்குப் போங்கள், கேட்காதீர்கள், பாருங்கள்

ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். வெட் கிரைண்டரில் தலைகீழ்: பாத்திரம் சுற்றும், குழவி இருந்த இடத்திலேயே உருளும். 1950களில் கோவையில் பி. சபாபதி செய்த கிரைண்டரிலிருந்துதான் இந்தத் தொழில் கிளைத்தது என்பார்கள். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது அந்தத் தலைகீழ் யோசனைதான். கை செய்ததை அப்படியே மோட்டாரைச் செய்யச் சொல்லவில்லை. மாவு எப்படி அரைபடுகிறது என்று பார்த்தவருக்குத்தான் அந்த யோசனை வரும்.

இனி என் கதை. டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றுக்குப் பி.எல்.டி.சி. மோட்டார் போட்டோம். போர்டு ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது, அதோடு டைமரும் வைக்கலாம், டைமர் வைத்தால் டச் சுவிட்சு வைக்கலாம் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போனது. பார்க்கக் கைபேசி மாதிரி பளபளவென்று இருந்தது. ஆபீசில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். பாராட்டு மழை. அந்தச் சூட்டிலேயே 2,000 டச் போர்டுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.

மாதிரி ஒன்றைச் சிங்காநல்லூரில் ஓர் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு, அவர் மாவு அரைக்கும்போது போய் ஓரமாக உட்கார்ந்தேன். உளுந்து பாதி அரைந்ததும் பக்கவாட்டில் ஒட்டியதைக் கையால் வழித்து உள்ளே தள்ளினார். எல்லோரும் செய்வதுதான். அடுத்து தண்ணீர் தெளிக்க நிறுத்த வேண்டும். மாவுக் கையோடு பேனலைத் தொட்டார். ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு விரலால் தொட்டார். நிற்கவில்லை. முழங்கையால் துடைத்துவிட்டு முழங்கையாலேயே அழுத்திப் பார்த்தார். டைமர் ஐந்து நிமிஷம் கூடியது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் தொட்டார். நின்றது.

"எப்படிங்கக்கா இருக்குது?" என்றேன்.

"நல்லாருக்குதுங்க தம்பி, சத்தமே இல்லை" என்று காபி கொடுத்தார்.

நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர் முகத்துக்கு நேராக யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அதுவும் காபி கொடுத்த பிறகு. மூன்று வாரம் கழித்துப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் பேனலைத் தொடுவதே இல்லை. சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டு, சுவரிலேயே அணைத்துக்கொண்டிருந்தார். மற்ற பத்தொன்பது வீடுகளில் பதினொன்றில் இதே காட்சி. ஆர்டர் போட்ட 2,000 போர்டுகளையும் ஓரங்கட்டிவிட்டு, திருகுகிற பழைய நாபுக்கே திரும்பினோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுத்திருந்தால் அந்தப் பணம் கையில் இருந்திருக்கும்.

அதனால் இரண்டு பழக்கங்கள். ஒன்று, முதல் வாரத்தை நம்பாதீர்கள். புதுப்பொருள் என்றால் யாரும் ஆசையாகத்தான் ஓட்டுவார்கள். மூன்றாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். இரண்டு, "இது வந்தால் வாங்குவீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள், அதற்குக் காசா பணமா. "கடைசியாக கிரைண்டர் எப்போது வாங்கினீங்க, எந்தக் கடையில், எவ்வளவு கொடுத்தீங்க, பழசை என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். நடந்ததைப் பற்றிப் பேசும்போது ஆட்கள் பொய் சொல்வது குறைவு.

மாதிரி செய்யும் கட்டம்

மலிவானதிலிருந்து விலை கூடியதை நோக்கிப் போங்கள். முதலில் தெர்மாகோலில் ஒரு உருவம், சமையல் மேடையில் பொருந்துகிறதா, தூக்க முடிகிறதா என்று பார்க்க. அப்புறம் 3டி பிரிண்டில் உடல், உள்ளே நிஜ மோட்டார். பிளாஸ்டிக் மோல்டு கடைசி. அது எஃகில் வெட்டுவது, பொருளுக்கேற்ப லட்சக்கணக்கில் போகும்.

மோல்டில் ஒரு சூட்சுமம் உண்டு. வெட்டிய மோல்டில் இன்னும் கொஞ்சம் எஃகைச் சுரண்டி எடுப்பது சுலபம். சுரண்டினால் பிளாஸ்டிக் பாகம் அந்த இடத்தில் தடிமனாகும். எடுத்த எஃகைத் திரும்ப ஒட்டுவதுதான் கஷ்டம், வெல்டு வைத்துத் திரும்ப வெட்ட வேண்டும். ஆகவே எந்த அளவில் சந்தேகம் இருக்கிறதோ அங்கே பிளாஸ்டிக்கை மெலிதாக வைத்தே முதல் மோல்டை வெட்டச் சொல்லுங்கள். மோல்டு வெட்டும் நல்ல டூல் ரூம் ஆட்கள் கேட்காமலேயே இதைச் செய்வார்கள். மற்றவர்களிடம் சொல்லித்தான் செய்ய வைக்க வேண்டும்.

சோதனை எப்போதும் மோசமான நாளுக்கு. பாதி அரைக்கும்போது கரண்ட் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தால், கெட்டியாகிப்போன மாவோடு மோட்டார் திரும்பக் கிளம்புமா? வோல்டேஜ் 170க்கு இறங்கும் கிராமத்தில் கிளம்புமா? தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறது என்று எழுதாதீர்கள். நிஜ உளுந்து, நிஜ அரிசி. மாவு சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடேறாமல் இருப்பதுதான் கிரைண்டரின் பெருமையே. இட்லி ஊற்றி, மறுநாள் காலை கம்பெனி கேண்டீனில் சாப்பிடக் கொடுங்கள். எங்கள் கேண்டீன் அம்மாவைவிடக் கண்டிப்பான தரக்கட்டுப்பாட்டு அதிகாரியை நான் பார்த்ததில்லை.

பணம் தட்டுப்பாடாக இருந்தால், மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் மாதிரி செய்ய 10 லட்சம் வரை மானியம் உண்டு. கோவையில் பி.எஸ்.ஜி. ஸ்டெப் போன்ற தொழில் வளர் மையங்களில் விசாரியுங்கள். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு தரும் டான்சீடு தொடக்க மானியத்தையும் பாருங்கள். மானியம் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள், வந்தால் வரட்டும்.

கண்காட்சிக்கு முன் காப்புரிமை

இதில் வரிசை மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. பொருளைக் கோவை கொடிசியா வளாகத்துக் கண்காட்சியில் வைத்துவிட்டு, ஆட்கள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள் என்றதும் காப்புரிமைக்கு ஓடுவார்கள். உலகத்துக்குக் காட்டியாகிவிட்டால் அது புதுமை இல்லை. சில கண்காட்சிகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அதை நம்பி இறங்க வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. முதலில் தற்காலிக விண்ணப்பம். தனி நபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுக்குப் பதிவாகிவிடும். 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்க வேண்டும், தவறினால் அந்த விண்ணப்பம் போயிற்று. விண்ணப்பித்தால் மட்டும் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள், பரிசோதிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு முன்பு 48 மாதம் அவகாசம் இருந்தது, 2024 திருத்தத்துக்குப் பிறகு 31 மாதம்தான். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம். பொருளின் தோற்றத்துக்குத் தனியாக டிசைன் பதிவு உண்டு, 10 வருஷம், மேலும் 5 வருஷம் நீட்டிக்கலாம். நம் போன்ற பொருட்களில் நகல் எடுப்பவன் முதலில் தோற்றத்தைத்தான் எடுப்பான் என்பதால் என் ஓட்டு டிசைன் பதிவுக்கே. விண்ணப்பிக்கும் முன் கூகுள் பேட்டன்ட்ஸில் ஒரு முழு நாள் உட்கார்ந்து தேடுங்கள். உங்கள் யோசனையை வேறொருவர் பத்து வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்திருப்பார். அது ஏன் கடைக்கு வரவில்லை என்று யோசிப்பதும் நல்ல பயிற்சி.

விலையைக் கடையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

செலவைக் கூட்டி, மேலே லாபம் வைத்து விலை சொல்வது பழைய பழக்கம். கடையில் பக்கத்து ஷெல்ஃபில் இருப்பது என்ன விலை என்பதிலிருந்து தொடங்குங்கள். வாடிக்கையாளர் 5,900 கொடுப்பார் என்று வையுங்கள். 18 விழுக்காடு வரி போக 5,000. கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் சேர்த்து 20 விழுக்காடு என்றால் 1,000 போகும். விளம்பரம், விற்பனை ஆட்கள், லாரி வாடகை 500. வாரண்டிக்கு 150 எடுத்து வையுங்கள், இதை எல்லோரும் மறப்பார்கள். மிச்சம் 3,350. நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்கும் 600 என்றால் 2,750.

மோல்டுக்கு 25 லட்சம் போட்டிருக்கிறோம். 10,000 விற்றால் ஒன்றுக்கு 250. ஆகவே பொருளும் கூலியும் 2,500க்குள் முடிய வேண்டும். 2,500 பீஸ்தான் விற்கிறது என்றால் மோல்டு மட்டும் ஒன்றுக்கு 1,000, கணக்கு அங்கேயே படுத்துவிடும். இரண்டு எண்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதலாளிக்குப் பத்தாயிரம் மட்டும்தான் கண்ணில் படும்.

கொஞ்சம் இடைவெளியும் விடுங்கள். 2022 ஜூலையில் வெட் கிரைண்டருக்கான ஜி.எஸ்.டி. 5இலிருந்து 18 விழுக்காடாக ஏறியது. இறுக்கமாகக் கணக்குப் போட்டவர்களுக்கு அந்த மாதம் மூச்சு முட்டியது. எதிர்ப்பக்கமும் உண்டு. எல்.இ.டி. பல்பை மத்திய அரசு நிறுவனம் 2014இல் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது, 2016இல் 38 ரூபாய்க்கு. புதுத் தொழில்நுட்பத்தில் உதிரிபாக விலை இப்படித் தடாலென்று விழும். இரண்டு வருஷத்துக்கான போர்டைச் சல்லிசாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

பழுதானால் யார்?

காந்திபுரத்தில் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணனிடம் எங்கள் பி.எல்.டி.சி. மாதிரியைக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயில் போச்சுன்னா கட்டுவேன், கண்டன்சர் போச்சுன்னா மாத்துவேன். இதுல போர்டு போச்சுன்னா நான் என்னங்க பண்றது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எவனாச்சும் வந்து எந்த கிரைண்டர் வாங்கட்டும்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சதைத்தானுங்க சொல்லுவேன்" என்றார்.

அதுவரை நாங்கள் அவரைச் சர்வீஸ் செலவு என்ற தலைப்பில் வைத்திருந்தோம். அவர்தான் எங்கள் பொருளுக்குச் சிபாரிசோ தடையோ சொல்லும் ஆள் என்பது அன்றுதான் உறைத்தது. வந்ததும் டிசைனை மாற்றினோம். போர்டு நான்கு ஸ்க்ரூவில் கழன்று வரும்படியும், ஒயர்கள் சால்டர் இல்லாமல் செருகும்படியும் செய்தோம். பழைய போர்டைக் கொடுத்தால் இரண்டு நாளில் புது போர்டு, மாட்டியதற்கு மெக்கானிக்குக் கூலி என்று ஏற்பாடு. பொருள் கடைக்குப் போகும் முன்பே முப்பது மெக்கானிக்குகளை அழைத்து, சாப்பாடு போட்டு, ஆளுக்கொரு போர்டைக் கையில் கொடுத்துக் கழற்றி மாட்டச் சொன்னோம். விளம்பரத்துக்குச் செலவழித்ததில் பாதிகூட ஆகவில்லை.

இறக்கும்போது சின்னதாக இறக்குங்கள்

ஒரு மாவட்டம் போதும். தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் என்பது முதலாளிக்குப் பெருமை, உங்களுக்குத் தலைவலி. ஆயிரம் பீஸ் போய் ஒரு குறை தெரிந்தால் ஒரு மாவட்டத்துக்குள் திரும்ப எடுத்துவிடலாம்.

புதுப்பொருளை அறிமுகம் செய்வதில் நம் பக்கத்து உதாரணம் சிக் ஷாம்பு. 1983இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயில் தொடங்கினார். எந்த ஷாம்புவின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் சிக் இலவசம் என்று முதலில் ஒரு திட்டம். கொஞ்ச நாள் கழித்து, சிக் பாக்கெட்டாக இருந்தால்தான் இலவசம் என்று மாற்றினார்கள். முதல் கட்டம் முயன்று பார்க்க வைத்தது, இரண்டாவது கட்டம் திரும்ப வாங்க வைத்தது. இரண்டும் வேறு வேறு வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எப்படி அழைக்கிறோம் என்பதும் முக்கியம். 2009இல் விற்பனைக்கு வந்த டாடா நானோவை எல்லோரும் ஒரு லட்ச ரூபாய்க் கார், மலிவான கார் என்றே அறிந்தார்கள். கார் வாங்குபவர் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துத்தானே வாங்குகிறார். அப்படி விளம்பரமானது தவறு என்று ரத்தன் டாடாவே பிறகு சொன்னார். 2018இல் உற்பத்தி நின்றது. பொறியியலில் எவ்வளவோ புதுமை செய்த கார் அது.

இறக்கிய பின் எதை எண்ணுவது? கடைக்குப் போன பீஸை எண்ணி மகிழாதீர்கள். பழக்கத்துக்காகக் கடைக்காரர் பத்து எடுத்து வைப்பார். அவர் இரண்டாவது ஆர்டரைத் தானாகப் போடுகிறாரா என்று பாருங்கள். நாற்பது கடையில் எத்தனை கடை மறுபடி கேட்டது என்பதுதான் என் நோட்டில் நான் வட்டம் போட்டுவைக்கும் எண். இதற்கும் ஒரு எல்லையை முன்பே எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். எண் அதற்குக் கீழே இருந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போங்கள். திட்டுவார். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை நிறுத்தினார், ஒரு முறை இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார். அந்த ஆறு மாதத்துக்கும் புதிதாக ஒரு தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

கடைசியாக, திரும்பி வரும் பொருள். அதைச் சர்வீஸ் ஆட்களிடம் விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை காலை ஒரு மேஜையைக் காலி செய்து, நீங்களே ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். எங்களுக்கு முதல் இரண்டு மாதத்தில் பதினொரு கிரைண்டர் திரும்பி வந்தது. போர்டு சரியில்லை, சப்ளையரை மாற்ற வேண்டும் என்று ஆபீசில் முடிவே கட்டிவிட்டார்கள். திறந்து பார்த்தால் ஏழில் கரப்பான்பூச்சி. சமையலறையில் இரவு முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் இடம் அந்தப் போர்டுதான், காற்றுத் துளை வழியாக உள்ளே போய்க் குடியிருந்திருக்கிறது. துளைகளுக்கு உள்பக்கம் மெல்லிய வலை ஒட்டினோம், போர்டுக்கு மேல் ஒரு கோட்டிங் அடித்தோம். சப்ளையர் அவரேதான்.